பழைய 800-ம் பந்தய டிராக்கும்: பாதி சரியான ஓர் அறிவுரை

"டிராக் ஓட்டக் கத்துக்கணுமா? சீப்பா ஒரு பழைய வண்டி வாங்கு, உள்ளே இருக்கிற சீட்டு, கார்ப்பெட் எல்லாத்தையும் கழட்டிப் போடு, நல்ல டயர் மாட்டு, ஓட்டி ஓட்டியே கத்துக்கோ."

கார் பைத்தியங்கள் உலகத்தில் இதைவிட அதிகமாகத் திருப்பிச் சொல்லப்பட்ட அறிவுரை கிடையாது. திருவொற்றியூரில் எங்கள் தெருவிலேயே இந்த வருஷம் ரெண்டு பையன்கள் வந்து கேட்டுவிட்டார்கள்: "அண்ணா, ஒரு எய்ட் ஹண்ட்ரட் வருது, எடுத்துடலாமா?" நான் வண்டி புரோக்கர் இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள தொழிற்சாலைகளின் பழைய கதையை நோண்டிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். ஆனால் ஒரே அறிவுரையை ஆளாளுக்கு அதே வரிசையில், அதே வார்த்தைகளில் சொல்லும்போது, ஒரு பிரதியைப் படிக்கிற மாதிரி அதை உட்கார்ந்து படித்துப் பார்க்கத் தோன்றுகிறது. யார் எழுதியது, எந்த ஊருக்கு எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது என்று.

படித்ததில் எனக்குக் கிடைத்தது இது. காரைப் பற்றி இந்த அறிவுரை சொல்வது பெரும்பாலும் சரி. செலவைப் பற்றிச் சொல்வது தப்பு. எங்கே ஓட்டுவது என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. வடசென்னையில் அது ஒன்றுதான் கேள்வி.

காரிலிருந்து ஆரம்பிப்போம். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். தயாரிப்பு நின்றது 2014 ஜனவரியில். 796 சி.சி., மூணு சிலிண்டர், ஏறக்குறைய 37 குதிரைத்திறன், 650 கிலோவை ஒட்டிய எடை, 12 அங்குலச் சக்கரம். 'டப்பா' என்று ஊரே செல்லமாகவும் கேலியாகவும் கூப்பிட்ட வண்டி. கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு இந்த டப்பா ஏன் நல்லது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது அந்த எஞ்சினின் சக்தியில் பாதியைக் காற்றும் டயர் உருளலும் பல்சக்கரங்களும் தின்றுவிடுகின்றன. மிச்சத்தை வைத்து ஒரு விநாடியில் அது கூட்டிக்கொள்ளும் வேகம், என் தோராயக் கணக்கில், 2 அல்லது 3 கிலோமீட்டர். அதாவது ஒரு வளைவிலிருந்து நீங்கள் 5 கிலோமீட்டர் வேகம் குறைவாக வெளியே வந்தால், அதைத் திரும்பப் பிடிக்க ரெண்டு விநாடி ஆகிறது. பந்தய உலகத்தில் ரெண்டு விநாடி என்பது ஒரு யுகம்.

200 குதிரைத்திறன் வண்டியில் இதே தப்பைச் செய்தால், காலை அழுத்தினால் போதும், தப்பு மறைந்துவிடும். 800-இல் மறையாது. உள்ளே எப்போது திரும்பினோம், வளைவின் உள்முனையை எங்கே தொட்டோம், ஸ்டீயரிங்கை எங்கே நேராக்கினோம் என்ற மூன்றுக்கும் அந்த இடத்திலேயே மதிப்பெண் போட்டுவிடும். பிரேக்கை விட்டுத் திரும்பும்போது எடை முன்பக்கத்திலிருந்து வெளிப்பக்க டயருக்கு மாறுவதை உடம்பால் உணர முடியும். நடுவில் எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லை. ஏ.பி.எஸ். இல்லை, டிராக்ஷன் கண்ட்ரோல் இல்லை, பவர் ஸ்டீயரிங் கூட இல்லை.

ஆனால் இங்கேயே ஒரு ஓட்டை இருக்கிறது. 'மெதுவான வண்டியை வேகமாக ஓட்டுவதே நல்ல பள்ளி' என்று சொல்பவர்கள், பள்ளிக்கூடத்தின் அளவைச் சொல்வதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிற நம்ம சென்னை டிராக் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. அந்த அகலத்தில், அந்த நீளத்தில், 37 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு பல இடங்களில் நீங்கள் செய்யக்கூடியது ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான். வேகமான ஒரு வளைவில் பாதம் எடுக்கலாமா வேண்டாமா என்ற முடிவையே அது உங்களிடம் கேட்காது. கேட்காத கேள்விக்குப் பதில் கற்க முடியுமா? 800 ஒரு சின்ன இடத்துக்கான ஆசிரியர். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ரெண்டு கிலோமீட்டருக்குச் சற்றுதான் அதிகம், அங்கே இது அழகாகப் பாடம் எடுக்கும். ஒரு மைதானத்தில் கூம்பு வைத்து ஓட்டினால் இன்னும் அழகாக எடுக்கும். இந்தக் கூம்பு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மற்ற வண்டிகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஜென் இதே குணத்தோடு கொஞ்சம் வளர்ந்த பிள்ளை. எஸ்டீம்தான் நம் நாட்டுப் பந்தய வீரர்கள் வருஷக்கணக்கில் நம்பி ஓட்டிய வண்டி, ஆனால் நல்ல பாடியோடு இன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1.6 ஓட்ட சுகமானது, ஆனால் ஃபோர்டே போய்விட்ட ஊரில் பார்ட்ஸுக்கு அலைய வேண்டும். 800-க்கு அந்தக் கவலை இல்லை. புதுப்பேட்டைக்குப் போனால் ஒரு முழு 800-ஐக் கடை கடையாகப் பொறுக்கிச் சேர்த்துவிடலாம் என்று சொல்வது பாதி ஜோக், பாதி நிஜம்.

இப்போது செலவு. 'சீப்பான வண்டி' என்கிற சொல்லில்தான் ஏமாற்று வேலை நடக்கிறது. ஓடுகிற நிலையில் ஒரு 800-ஐ நல்ல செல்போன் விலைக்கு வாங்கலாம், உண்மை. ஆனால் டிராக்கில் செலவாவது வண்டி இல்லை, வண்டி தின்பது. பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளோடு சேர்த்து 750 கிலோ என்று வைப்போம். 120-இலிருந்து 60-க்கு ஒரு தடவை பிரேக் பிடித்தால் அந்த நாலு சக்கரத்தில் இறங்கும் வெப்பம், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வீட்டில் அதே தண்ணீரை அடுப்பில் வைத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே அது நாலைந்து விநாடியில் நடக்கிறது, ஒரு சுற்றில் பல தடவை நடக்கிறது. அதே சமயம் எஸ்டீமை 150-இலிருந்து 60-க்கு இறக்கினால், ரெண்டு லிட்டருக்கு மேல் கொதிக்கும். வேகத்தின் வர்க்கத்தில் வெப்பம் ஏறுகிறது. அறிவுரை சொல்பவர்கள் எஞ்சினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், இதைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசமாட்டார்கள்.

பிரேக் ஆயில் கதை இன்னும் சுவாரஸ்யம், அதுவும் நம்ம கடற்கரைக்கு. டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. டாட் 4 என்றால் 230. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. நாலு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே டாட் 3-இன் கொதிநிலை 140 வரை இறங்கலாம், டாட் 4 155 வரை. எண்ணூர்க் காற்றில் பத்து வருஷம் மூடியைத் திறந்தே பார்க்காத ஒரு 800-இன் ஆயில் எந்த நிலையில் இருக்கும்? ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கும், அதனால் பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. மெரினா ஓரமாக ஓட்டும்போது வாழ்நாள் முழுக்கத் தெரியாமல் இருக்கிற இந்தக் குறை, டிராக்கில் மூன்றாவது சுற்றில் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் துரு. வடசென்னையில் பழைய வண்டி பார்க்கிறவர்கள் பெயின்டைப் பார்க்கக் கூடாது, தரையைப் பார்க்க வேண்டும். கடல் உப்பு, ரசாயன ஆலைக் காற்று, மழைக்குத் தேங்கும் தண்ணீர் மூன்றும் சேர்ந்த ஊர் இது. 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்தன. ராயபுரம் கடலோரமாக இருபது வருஷம் நின்ற 800-இன் கார்ப்பெட்டைத் தூக்கினால் கீழே ரோடு தெரிவதை நானே பார்த்திருக்கிறேன். டிங்கரிங் ஆள் ஒரு தகடு வைத்து ஒட்டி, மேலே அண்டர்கோட்டிங் அடித்து, கண்ணுக்குத் தெரியாமல் பண்ணிவிடுவார். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓட்ட அது தாங்கும். ஆனால் முன் சஸ்பென்ஷன் மேலே பொருந்துகிற இடமும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் இற்றுப்போயிருந்தால், அந்த வண்டியில் ரோல் கேஜ் வைத்து வெல்டு பண்ணுவது புற்று மண்ணில் தூண் நடுவது மாதிரி. வண்டி உருண்டால் கேஜ் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கும். 800 உயரமான, ஒல்லியான வண்டி என்பதையும் மறக்கக் கூடாது. பிடிப்பு அதிகமான டயர் மாட்டினால், சறுக்க வேண்டிய இடத்தில் அது சறுக்காமல் கவிழப் பார்க்கும்.

சரி, நல்ல பாடியே கிடைத்துவிட்டது, கேஜும் வைத்தாச்சு. இனி அந்த வண்டி ரோட்டில் போகலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக டிராக் வரை அதை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். திருவொற்றியூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு நகரத்தை முழுக்கக் குறுக்கே வெட்டி, போக வர. சில தடவை போய்வந்தால் அந்த வாடகையே வண்டி விலையைத் தாண்டிவிடும். சென்னையில் புது மாசு விதி காரணமாக 2010 ஏப்ரலோடு புது 800 விற்பனை நின்றுவிட்டது. அதனால் சென்னையில் வாங்கிப் பதிவு செய்த எந்த 800-ம் இன்று 15 வயதைத் தாண்டியதுதான். 2022 ஏப்ரல் முதல் அந்த வயது வண்டியின் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகிவிட்டது. இன்சூரன்ஸ்? பாலிசியைப் பிரித்து 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை எல்லாம் அதற்கு வெளியே. டிராக்கில் சுவரில் போய் ஒட்டினால் ஒரு பைசா வராது.

அப்படியென்றால் இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது? அது உண்மையாக இருக்கிற ஊர்களிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2006-லிருந்து '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்று ஒரு பந்தயம் நடக்கிறது. பெயரே பிரான்சின் லே மான் பந்தயத்தைக் கிண்டல் பண்ணுவது. விதி என்னவென்றால் கார் 500 டாலருக்குள் இருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்தது இந்த 500 டாலர் மட்டும்தான். கூடவே இருக்கிற இன்னொரு விதிதான் முக்கியம்: கேஜ், பந்தய சீட், பெல்ட் போன்ற பாதுகாப்புச் சாமான்களின் செலவு அந்த 500-இல் சேராது. அதைக் கஞ்சத்தனம் பண்ணவும் விடமாட்டார்கள், வண்டியைப் பார்த்துச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். இங்கிலாந்தில் சிட்ரோயன் சி1 என்ற ஒரு லிட்டர் சின்னக் காரை வைத்து ஒரு பந்தயத் தொடரே நடத்துகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி கேஜ். ரெண்டு இடத்திலும் 'மலிவு' என்பது வண்டியின் விலையால் வரவில்லை. ஒரு கிளப், ஒரு விதிப் புத்தகம், சோதிக்கிற ஆட்கள், பக்கத்தில் ஒரு டிராக் இருப்பதால் வருகிறது. அறிவுரை கடல் தாண்டி வரும்போது காரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது. மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மிச்சம் ஒரு காலத்தில் நம்மிடமே இருந்தது, அதுவும் வடக்குப் பக்கம்.

செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் போனால் சோழவரம். ரெண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களிலிருந்து அங்கே பந்தயம் நடத்தியது. வயல்களுக்கு நடுவே ஒரு சிமெண்டுப் பரப்பு, அதில் டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்து வளைவுகளைக் குறித்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் பந்தயம் நடக்கும்போது சுற்றுவட்டாரமே திரண்டு போனதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பணக்காரர்கள் இல்லாமல் இல்லை. விஜய் மல்லையா 1980-களில் ஒரு பழைய என்சைன் ஃபார்முலா 1 காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டியவர். ஆனால் அதே சிமெண்டில் ஃபியட்டும், ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், அம்பாசடரும் ஓடின. பின்னால் பெங்களூரில் செய்த சிபானி டால்ஃபின், ஃபைபர் உடம்பும் சின்ன எஞ்சினும் கொண்ட அந்த விநோத வண்டி, எடை குறைவு என்ற ஒரே பலத்தில் பெரிய வண்டிகளைப் படுத்திவைத்தது. அன்றைய இந்தியாவில் கார் என்பதே மூன்று நாலு வகைதான். ஆகவே பந்தயக் கார் என்பது வீட்டுக் காரை உரித்ததுதான். சீட்டைக் கழட்டு, ஹெட்டைச் சீவு, கார்புரேட்டரை மாத்து. 'மலிவான பழைய வண்டி' என்பது அங்கே அறிவுரை இல்லை. அதுதான் விளையாட்டே.

சோழவரத்தை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. பார்வையாளர்களுக்கும் வண்டிக்கும் நடுவே பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள அதிகம் ஒன்றும் இருந்ததில்லை, ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமும் இல்லை. கிளப் தன் சொந்த நிலத்தில், இருங்காட்டுக்கோட்டையில், 1990-இல் நிரந்தர டிராக் கட்டியது இந்தியப் பந்தயத்துக்கு நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் மாருதி 800-இன் எஞ்சினை ஒரு குழாய்ச் சட்டகத்தில் வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கியதும் அதே காலகட்டம். என் பார்வையில் இந்த நாட்டில் செய்யப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான மலிவுக் கார் அதுதான். மூணு சிலிண்டர் டப்பா எஞ்சினை வைத்துக்கொண்டு, துரு, கவிழ்வு, எடை என்று மேலே நான் புலம்பிய எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் பதில் சொன்னது. நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது அதைத்தான். கருண் சந்தோக்கும் அதில் ஓட்டித்தான் 2000-இல் தேசியப் பட்டம் வாங்கினார். நம் நாட்டின் ரெண்டே ரெண்டு ஃபார்முலா 1 ஓட்டுநர்களும் 796 சி.சி.யில் படித்தவர்கள். டப்பாவுக்கு இதைவிட என்ன நற்சான்றிதழ் வேண்டும்?

பிறகு கம்பெனித் தொடர்கள் வந்தன. 2010-இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கப் நல்ல உதாரணம். கார் கம்பெனியுடையது, பராமரிப்பு கம்பெனியுடையது, நீ கட்டணம் கட்டிவிட்டு ஹெல்மெட்டோடு வந்தால் போதும். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பானது, சமமானது, ஒரு வகையில் சொந்த வண்டி வைத்துக் கட்டி அழுவதைவிட மலிவும்கூட. ஆனால் இதில் ஒரு ஆள் காணாமல் போகிறார். மெக்கானிக். தெருமுனைப் பட்டறைக்காரர். சோழவரத்தில் ஓட்டுபவனும் மெக்கானிக்கும் ஒரே வண்டிக்குக் கீழே படுத்துக் கிடந்தார்கள். இப்போது ஓட்டுபவன் மட்டும் தேவை, அவனும் கட்டணம் கட்டக்கூடியவனாக இருக்க வேண்டும்.

இது ஏன் எனக்கு உறுத்துகிறது என்றால், நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பகுதி பட்டறைக்காரர்களின் ஊர். அசோக் மோட்டார்ஸ் 1948-இல் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதுதான் பின்னால் அசோக் லேலண்ட். என்ஃபீல்டு புல்லட் 1955-லிருந்து திருவொற்றியூருக்கு வந்தது. எம்.ஆர்.எஃப். என்று பந்தயக் கார்களின் நெற்றியில் நாம் பார்க்கிற பெயர், 1946-இல் இதே திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் ஒரு சின்ன இடத்தில் பிறந்தது. எங்கள் பக்கம் மூணு வீட்டுக்கு ஒருவர் லேத்தோ, ஃபிட்டரோ, டர்னரோ, டிரெய்லர் டிரைவரோ ஆக இருந்தவர். இன்றும் எண்ணூர்த் துறைமுகத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் புத்தம்புதுக் கார்கள் வரிசை வரிசையாகக் கப்பலேறி வெளிநாடு போகின்றன. காரைச் செய்யவும், டயரைச் செய்யவும், ஏற்றி அனுப்பவும் தெரிந்த ஊரில், அதைச் சட்டப்படி ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டிப் பார்க்க ஒரு சதுர அடி கிடையாது.

ஆனால் ஓட்டாமல் இருக்கிறார்களா? ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நின்று பாருங்கள். ஓரத்தில் ஜீரோ கேட் பக்கம் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. பல லாரிகளுக்குப் பின்விளக்கு எரியாது. அந்த வரிசையை உரசிக்கொண்டு பையன்கள் பைக்கில் பறக்கிறார்கள், இப்போது பழைய கார்களிலும். தெருமுனைகளில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம். அதில் பையன் கூலிங் கிளாஸ் போட்டு, அதே வண்டி மேல் சாய்ந்து நிற்கிற படத்தைத்தான் வைக்கிறோம், ஏனென்றால் அவனிடம் இருக்கிற நல்ல படம் அதுதான். 'மலிவா ஒரு வண்டி வாங்கு' என்ற அறிவுரையை இந்த ரோட்டில் நின்று இன்னொரு தடவை வாசித்தால், அதன் அர்த்தமே வேறு. டிராக் இல்லாத ஊரில் வாங்கிய டிராக் கார் எங்கே போகும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவைப் பலரும் தண்டனைப் பிரிவாகத்தான் பார்க்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, பந்தயமோ வேகப்போட்டியோ நடத்தினால் முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஆனால் அந்தப் பிரிவின் முதல் பாதியை நிதானமாகப் படித்தால், அது தடை செய்வது மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாத பந்தயத்தை. சம்மதம் கொடுத்தால் நடத்தலாம். கொடுக்க முடியும் என்பதற்கு அத்தாட்சி ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடைத்தது: 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையில், ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் நின்றுபோய், பிறகு நடந்த பந்தயம். 'பணக்காரன் விளையாட்டுக்கு மக்கள் பணமா' என்று ஒரு பக்கமும், 'சென்னைக்குப் பெருமை' என்று இன்னொரு பக்கமும் சண்டை நடந்தது. ரெண்டு கட்சியும் பார்வையாளர் கேலரியில் இருந்துதான் பேசின. ஓட்டுகிறவன் இந்த ஊரிலிருந்து எப்படி வருவான் என்று ஒருத்தரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆக நான் கேட்பது சின்ன விஷயம். டிராக் வேண்டாம், கூம்பு போதும். ஆட்டோகிராஸ் என்று உலகம் முழுக்க நடப்பது இதுதான்: தட்டையான ஒரு பெரிய இடம், ரப்பர் கூம்புகள், ஒரு நேரத்தில் ஒரே வண்டி, ஸ்டாப்வாட்ச். வேகம் 60-ஐத் தாண்டாது. மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டால், 120-இல் இருப்பதில் நாலில் ஒரு பங்கு ஆற்றல்தான் வண்டியில் இருக்கும். பிரேக் ஆயில் கொதிக்காது. பக்கத்தில் வேறு வண்டி இல்லை, சுவர் இல்லை. கேஜ் வைத்து வெல்டு பண்ணத் தேவை இல்லை, அதனால் வண்டியை மாற்றவும் வேண்டாம், அதே 800-இல் வந்து அதே 800-இல் வீட்டுக்குப் போகலாம். எடை எப்படி நகர்கிறது, பார்வையை எங்கே வைப்பது, கை எவ்வளவு மெதுவாகத் திரும்ப வேண்டும் என்ற முதல் வருஷப் பாடம் முழுவதும் இங்கேயே கிடைக்கும். 37 குதிரைத்திறன் போதாது என்ற பேச்சே எழாது, கூம்புகளுக்கு நடுவில் அது தாராளம்.

இடத்துக்குத்தான் பஞ்சமா? மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே கண்டெய்னர் யார்டுகளும் லாரி நிறுத்தங்களும் ஏக்கர் கணக்கில் கான்கிரீட் போட்டுக் கிடக்கின்றன. அதில் ஒரு காலி யார்டு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து பதினொன்று வரை. அரசு சம்மதக் கடிதம் ஒன்று, ஓர் ஆம்புலன்ஸ், அன்றைக்கு மட்டும் நிகழ்ச்சிக்கான தனி இன்சூரன்ஸ், வண்டியின் டயர், பிரேக், தரைத் தகடு மூன்றையும் பார்த்து 'போ, போகாதே' என்று சொல்ல ரெண்டு ஓய்வுபெற்ற லேலண்ட் ஃபிட்டர்கள். அந்தக் கடைசி ஆட்கள்தான் எங்கள் பக்கம் ஏராளம். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தால் போதும், காரின் அடியில் படுத்து டார்ச் அடித்து, விற்றவன் மறைத்த துருவை எல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டிவிடுவார்கள்.

இது வருகிற வரைக்கும் கேட்கிற பையன்களுக்கு என்ன சொல்வது? வண்டியை முதலில் வாங்காதே என்று சொல்கிறேன். அந்தப் பணத்தில் முதலில் மணி நேரத்தை வாங்கு. கோ-கார்ட் பத்து தடவை ஓட்டு. கார்ட்டில் பவரும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பிறகு டிராக்கில் நடக்கும் ஏதாவது ஒரு பள்ளியில் ஒரு நாள், அவர்கள் வண்டியில். பைக் பக்கம் இந்தப் பழக்கம் முன்னாலேயே வந்துவிட்டது. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கே வந்து வகுப்பு எடுத்திருக்கிறது. கார்க்காரர்கள்தான் இன்னும் வகுப்பு என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் ஆசை இறங்கவில்லை என்றால், மூணு பேர் சேர்ந்து ஒரு 800. கடலோர வண்டி வேண்டாம், உள்நாட்டு வண்டியாகப் பாருங்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் டாக்டரோ வாத்தியாரோ வைத்திருந்ததாக, தரை நல்லபடியாக இருப்பதாக. எஞ்சின் புகைத்தால் பரவாயில்லை, எஞ்சின் புதுப்பேட்டையில் கிடைக்கும், பாடி கிடைக்காது. வாங்கிய அன்றைக்கே பிரேக் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு டாட் 4 ஊற்றுங்கள், ரப்பர் வாஷர்களையும் முன்பக்க வீல் பேரிங்கையும் மாற்றுங்கள். மியூசிக் சிஸ்டம், சைலன்சர், ஸ்டிக்கர் மூணுக்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். டிராக்கில் பொதுவாகக் கால் மணி நேரம் ஓட்டவிட்டு முக்கால் மணி நேரம் வெளியே நிறுத்துவார்கள். மூணு பேர் என்றால் மாறி மாறி ஓட்டலாம், ஒரு நாளில் ஆளுக்கு ரெண்டு தடவை வரும். மிச்ச நேரத்தில் பிரேக் ஆறும், ஓட்டாத ரெண்டு பேரும் வேலி ஓரம் நின்று, ஓட்டுகிறவன் எந்த வளைவில் எங்கே பாதத்தை எடுக்கிறான் என்று காதால் கேட்கலாம். 800-இன் மூணு சிலிண்டர் சத்தம் அதற்கு ரொம்ப வசதி, காலை எடுத்த இடம் தூரத்திலிருந்தே தெளிவாகக் கேட்கும்.